கல்லு மாதிரி இருக்குற பட்டர் ஃப்ரூட்ட வீட்டுலயே சீக்கிரம் பழுக்க வைக்கிறது எப்படி

வாங்கிட்டு வந்த பட்டர் ஃப்ரூட் கல்லு மாதிரி கெடக்கு, நாளைக்கே ஜூஸ் போடணும், என்ன பண்றதுன்னு கேக்குறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன், ஒரே ராத்திரியில பழுக்க வைக்க முடியாது. அப்படி முடியும்னு சொல்ற எதுவும் பழுக்க வைக்கிறது இல்ல, வெறுமனே மெத்துன்னு ஆக்குறது. ஆனா ஒரு வாரம் பத்து நாள் ஆகுற காய ரெண்டு மூணு நாள்ல நல்ல ருசியோட பழுக்க வைக்க முடியும், அதுக்கு மருந்தும் வேணாம் மிஷினும் வேணாம். ஒரு பேப்பர் கவரும் ரெண்டு வாழைப்பழமும் போதும். அதவிட முக்கியம் கைல இருக்குற காய் முத்துன காயான்னு தெரிஞ்சிருக்கணும்.

நாங்க இருக்குறது கீழ் பழனி மலையில, பண்ணைக்காடு தாண்டிக்குடி பக்கம். காபிச் செடி, அதுக்கு நெழல் குடுக்குற மரம், மரத்துல ஏறுன மெளகுக் கொடி, ஊடால மலைவாழை, இதுதான் இங்க தோட்டம்னா. அந்த நெழல் மரத்துல பட்டர் ஃப்ரூட்டும் நெறைய நிக்கும். பக்கத்துல தடியன்குடிசையில தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, டிகேடி 1ன்னு ஒரு பட்டர் ஃப்ரூட் ரகமே அங்க இருந்து தான் வந்துச்சு. ஆனி ஆடி வந்துட்டா காய் எறங்க ஆரம்பிச்சிரும், மதுரை திண்டுக்கல் வத்தலக்குண்டுன்னு எல்லா சொந்தக்காரங்களுக்கும் பஸ்ஸுல குடுத்து விடுவோம், குடுத்து விட்ட மறுநாளே போன் வரும். அதனால இந்த விஷயத்த நான் ரொம்ப வருஷமா சொல்லிட்டு தான் இருக்கேன், இப்ப ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு தான் இது.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். பட்டர் ஃப்ரூட் மரத்துலயே பழுக்காது. எவ்வளவு நாள் விட்டாலும் மரத்துல இருக்குற வரைக்கும் அது கட்டியா தான் இருக்கும், காம்ப விட்டுப் பிரிஞ்சதுக்கு அப்புறம் தான் பழுக்கவே ஆரம்பிக்கும். அதனால மரத்துல பழுத்ததா பாத்து குடுங்கன்னு சந்தையில கேட்டா அப்படி ஒரு சரக்கே கெடையாது. பறிச்ச பின்னாடி காய் தனக்குள்ளயே எத்திலீன்னு ஒரு வாயுவ விடும், அந்த வாயு தான் பழுக்குற வேலைய தொடங்கி வைக்குது, அது பட்டதும் இன்னும் கொஞ்சம் எத்திலீன் உண்டாகும், அது இன்னும் வேகப்படுத்தும். நாம வீட்டுல பண்ற எல்லா வேலையும் அந்த வாயு காத்தோட போயிராம காய சுத்தியே நிக்க வைக்கிறது தான். அதனால தான் பழைய காலத்துல இருந்தே வைக்கோல்ல போட்டு மூடி வச்சாங்க, அரிசிப் பானையில பொதைச்சு வச்சாங்க. வாழைத்தாருக்கு மூட்டம் போடுறதும் இதே கணக்கு தான், அந்தப் புகையிலயும் எத்திலீன் இருக்கு. ஆனா பட்டர் ஃப்ரூட்டுக்கு மூட்டம் வேணாம், சூடு ஆகாது அதுக்கு, புகை வாசமும் ஏறிக்கும்.

இப்ப முத்துன காய் விஷயத்துக்கு வரேன், பாதிப் பேரு ஏமாந்து போறது இங்க தான். பிஞ்சுலயே பறிச்ச காய என்ன கவர்ல போட்டாலும் பழுக்காது. அது சுருங்கும், தோல் ரப்பர் கணக்கா இழுக்கும், உள்ள தண்ணியா சப்புன்னு இருக்கும், கொழுப்பு ஏறுறதுக்கு முன்னாடியே பறிச்சா அந்த ருசி எங்க இருந்து வரும். சீசன் தொடக்கத்துல வெலை நல்லா இருக்குன்னு சில பேரு அவசரப்பட்டு எறக்கிடுவாங்க, அந்தக் காய் தான் கடைக்கு மொதல்ல வருது, அத வாங்குனவங்க இந்தப் பழமே நல்லா இல்லன்னு முடிவு பண்ணிடுறாங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

முத்துனதா இல்லையான்னு எப்படி பாக்குறதுன்னா, காத பக்கத்துல வச்சு காய லேசா ஆட்டிப் பாருங்க. எங்க பக்கத்து நாட்டு ரகங்கள்ல நல்லா முத்துன காயா இருந்தா உள்ள கொட்டை லொடக் லொடக்னு ஆடுற சத்தம் கேக்கும். எல்லா ரகத்துலயும் கேக்காது, அதனால சத்தம் இல்லன்னா பிஞ்சுன்னு முடிவு கட்ட வேணாம். தோலையும் பாருங்க, பளபளன்னு மின்னுறது இளசு, முத்த முத்த அந்த மினுமினுப்பு கொறைஞ்சு மங்கலா வரும். செவப்பு கலர் அடிக்கிற ரகமா இருந்தா பச்சையில இருந்து கலர் திரும்ப ஆரம்பிச்சிருக்கும். சந்தேகமா இருந்தா ஒரே மரத்துக் காய்ல ஒண்ண மட்டும் வெட்டிப் பாத்துருங்க. கொட்டைய மூடி இருக்குற தோல் வெள்ளையா சதையோட ஒட்டிக்கிட்டு இருந்தா இன்னும் நாள் இருக்கு. அதே தோல் காப்பி கலர்ல காஞ்சு, வெங்காயச் சருகு மாதிரி மெலிசா கொட்டைய சுத்தி நின்னா மரத்துல இருக்குற மத்த காயும் எறக்கலாம். அந்த ஒரு காய் வீணாப் போகுதேன்னு பாக்காதீங்க, ஒரு கூடை காயக் காப்பாத்தும் அது.

இன்னொண்ணு காம்பு. காம்ப புடுங்கி எடுக்காம கொஞ்சம் காம்போட நறுக்குனா தான் பழம் சுத்தமா பழுக்கும். காம்பு புடுங்கிட்டு வந்து குழியா இருந்தா அந்த ஓட்டை வழியா பூஞ்சை எறங்கி, மேல பாதி கருத்து அழுகி கீழ பாதி கட்டியா இருக்கும். அதே போல மரத்துல இருந்து கீழ விழுந்த காயும் வேணாம், வெளிய ஒண்ணும் தெரியாது, பழுத்து வெட்டுனா அடிபட்ட எடம் கருப்பா இருக்கும். எங்க ஊர்ல தொரட்டிக்கு கீழ வலைப் பை கட்டி தான் பறிப்போம். பஸ்ஸுல கொண்டு போறவங்க ஒவ்வொரு காயையும் நியூஸ் பேப்பர்ல சுத்தி வைங்க, மலை ரோட்டுல அத்தனை வளைவுலயும் காயோட காய் மோதி தான் எறங்குது.

சரி, பழுக்க வைக்கிறது. பேப்பர் கவர் எடுத்துக்கோங்க, மளிகைக் கடையில தர்ற பழுப்பு கலர் கவர், துணிக்கடையில குடுக்குற பேப்பர் பை, எதுனாலும் சரி. அதுவும் இல்லன்னா நியூஸ் பேப்பர ரெண்டு மூணு மடிப்பா போட்டு பொட்டலமா கட்டுங்க. உள்ள காய்ங்கள ஒண்ணு மேல ஒண்ணு அமுக்காம வச்சு, கூட ரெண்டு வாழைப்பழம். எங்களுக்கு மலைவாழை தான் கைக்குக் கெடைக்கும், விருப்பாச்சி மலைவாழைக்கு புவிசார் குறியீடு கூட இருக்கு, ஆனா பூவன், ரஸ்தாளி எதுவா இருந்தாலும் வேலை நடக்கும். முழுசா பழுத்து தோல் கருத்து ஒழுகுற வாழைப்பழத்த போடாதீங்க, அதுல ஈயும் பூஞ்சையும் தான் வரும். பச்சை போயி மஞ்சளாகிட்டு இருக்குற பழம் தான் எத்திலீன நல்லா விடும். வாழைப்பழம் இல்லையா, ஆப்பிள் ஒண்ணு போடுங்க, அதுவும் நல்லா வேலை செய்யும். தக்காளிப் பழமும் போடலாம், கொஞ்சம் மெதுவா நடக்கும்.

கவர் வாய மடிச்சு விட்டா போதும், டேப் போட்டு ஒட்ட வேணாம். காய் பழுக்குறதுக்கு மூச்சு விடணும், அதுக்கு ஆக்ஸிஜன் வேணும். இதனால தான் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன், அதுல காத்தும் போகாது, காய் விடுற ஈரமும் வெளிய போகாது, உள்ள வேர்த்து ஊத்தி ஒரு மாதிரி புளிச்ச வாசம் வந்துரும். பிளாஸ்டிக் தான் இருக்குன்னா நாலஞ்சு எடத்துல ஓட்டை போட்டு, உள்ள பேப்பர் விரிச்சு வைங்க.

பறிச்ச அன்னைக்கே கவர்ல போட்டு பெருசா பிரயோசனம் இல்ல. ஒரு நாள் வெளிய நெழல்ல பரப்பி வச்சுட்டு அப்புறம் அடைச்சா தான் வாழைப்பழத்தோட வேலை தெரியும், பறிச்சு ஒரு நாளாவது ஆகாத காய் அந்த வாயுவ அவ்வளவா சட்டை பண்றது இல்ல. கடையில வாங்குன காய்க்கு இந்தக் கவலை வேணாம், அது பறிச்சு எத்தனையோ நாள் ஆகியிருக்கும், அதனால நேரா கவருக்குள்ள போடலாம்.

எங்க வைக்கிறதுங்கிறதுல தான் மலைக்கும் கீழ் நாட்டுக்கும் வித்தியாசம். போன சீசன்ல மதுரையில இருந்து சித்தி போன் பண்ணாங்க.

"ஏய்யா, நீ சொன்ன மாதிரியே தான் வாழைப்பழத்தோட கட்டி வச்சேன், ஒரு பக்கம் கொழகொழன்னு போச்சு, இன்னொரு பக்கம் கத்தி எறங்க மாட்டேங்குது, என்ன காய குடுத்து விட்ட நீயி?"

"எங்க சித்தி வச்சீங்க?"

"மாடி ரூம்ல தான்யா, சீக்கிரம் பழுக்கட்டும்னு சன்னல் கிட்ட வெயில் படுற மாதிரி வச்சேன்."

அதான் காரணம். பட்டர் ஃப்ரூட் நல்லா பழுக்குறது 18ல இருந்து 24 டிகிரி வரைக்கும் உள்ள எடத்துல. 30 டிகிரிக்கு மேல போச்சுன்னா பழுக்குறது கோணலாகிடும், ஒரு பக்கம் அழுகும் ஒரு பக்கம் அப்படியே நிக்கும், இன்னும் சூடு ஏறுனா எத்திலீன் பட்டாலும் காய் கேக்காது. மதுரையில மாடி ரூம்ல ஆடி மாசத்துல என்ன சூடு இருக்கும்னு சொல்லவே வேணாம். அதனால கீழ் நாட்டுல இருக்குறவங்க வீட்டுலயே குளுகுளுன்னு இருக்குற எடம் பாருங்க, கீழ்த் தளத்துல தரையோரம், தண்ணிப் பானை வச்சிருக்குற மூலை, ஏசி போடுற ரூம்னா இன்னும் நல்லது. வெயிலும் வேணாம் அடுப்பு பக்கமும் வேணாம். சித்தி மிச்சம் இருந்த காய பூஜை ரூம் தரையில எடுத்து வச்சாங்க, அது எல்லாம் ஒழுங்கா பழுத்துச்சு, பேரனுக்கு மசிச்சு குடுத்துட்டு போட்டோ அனுப்புனாங்க.

கொடைக்கானல் டவுன்ல இதுவே தலைகீழ். அங்க 7,000 அடி உயரம், ராத்திரி குளிர்ல காய் ஒண்ணுமே பண்ணாம அப்படியே ஒறங்கும். எங்க மதினி நாயுடுபுரத்துல இருக்காங்க, அவங்க வீட்டுல காய் பழுக்க பத்து நாளுக்கு மேல கூட ஆகும். அவங்களுக்கு நான் சொன்னது, கவர ஃப்ரிட்ஜுக்கு மேல வைங்க மதினி, மெஷின் ஓடுற சூடு லேசா இருக்கும், இல்லன்னா அடுப்படியில மேல் ஷெல்ஃப்ல, அடுப்புக்கு நேரா இல்லாம ஓரமா. ராத்திரி ஒரு பழைய கம்பளிய மேல போட்டு வச்சா இன்னும் நல்லது. விறகடுப்பு இருக்குற வீட்டுல அடுப்புக்குத் தள்ளி இருக்குற சுவரோரம் ரொம்ப சரியான எடம், கைய வச்சா இதமா இருக்கணும், சுடக் கூடாது.

அரிசி ட்ரம்ல பொதைக்கிறதும் நல்ல வழி தான், எங்க அம்மாச்சி அப்படித் தான் பண்ணுவாங்க. வாயு அடைஞ்சு நிக்கும், அரிசி ஈரத்தையும் இழுத்துக்கும். ஒரே சிக்கல் மறந்துருவோம், அரிசிக்குள்ளயே கனிஞ்சு ஒடைஞ்சா அவ்வளவு அரிசியும் நாறிப் போகும். அதனால ட்ரம்ல வச்சீங்கன்னா காலையில ஒலைக்கு அரிசி அளக்குறப்பவே காயையும் ஒரு தடவ தொட்டுப் பாத்துருங்க, அப்படி ஒரு பழக்கமா வச்சுக்கிட்டா மறக்காது.

இப்ப மைக்ரோவேவ் பத்தி. ஓவன்ல ஃபாயில் பேப்பர் சுத்தி பத்து நிமிஷம், மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம்னு வீடியோ நெறைய சுத்துது. செஞ்சு பாத்தா காய் மெத்துன்னு ஆகும், உண்மை தான். ஆனா வாயில வச்சா பச்சைப் புல்லு வாசம், நாக்குல ஒரு கசப்பு. ஏன்னா பழுக்குறதுன்னா காய்க்குள்ள இருக்குற என்சைம் கொஞ்சம் கொஞ்சமா செல் சுவர கரைச்சு சதைய எளக்குறது, அதோட சேந்து தான் அந்த வாசமும் ருசியும் வரும். சூடு வச்சா அந்த என்சைமே செத்துப் போகும், அப்புறம் எத்தனை நாள் வச்சாலும் அது பழுக்காது. நல்ல காய கெடுத்த மாதிரி தான் ஆகும், தயவு செஞ்சு பண்ணாதீங்க.

கார்பைடு கல்லு. இதப் பத்தி கோவமா தான் எழுத முடியும். பொட்டலமா மடிச்சு பழப் பெட்டிக்குள்ள சொருகி வைப்பாங்க, ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயு வரும், அது எத்திலீன் மாதிரி வேலை செஞ்சு பழுத்த மாதிரி காட்டும். அந்தக் கல்லுல ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும், அது பழத்து மேலயும் ஏறும், அத கைல தொடுற வேலக்காரங்க உடம்புக்கும் போகும். நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு விதிப்படி 2011ல இருந்தே இதுல பழுக்க வைக்கக் கூடாது, தடை. பெரிய வியாபாரிங்க சேம்பர்ல எத்திலீன் வாயு விட்டு பழுக்க வைக்கிறதுக்கு அனுமதி இருக்கு, அதுக்கும் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 100 பங்கு) தான் உச்ச வரம்பு. சின்னச் சின்ன எத்திலீன் பாக்கெட் கூட இப்ப கடையில விக்கிது, அத பழத்து மேல படுற மாதிரி வைக்கக் கூடாது, தனி டப்பால தள்ளி வைக்கணும்னு விதி. வீட்டுல நாலஞ்சு காய் பழுக்க வைக்கிறதுக்கு இதெல்லாம் எதுக்கு, வாழைப்பழம் விடுறதும் அதே எத்திலீன் தானே.

கவர்ல போட்டாச்சுன்னா தெனம் ஒரு தடவ பாக்கணும். கட்டை வெரல வச்சு அமுக்கிப் பாக்காதீங்க, அமுக்குன எடம் ஒவ்வொண்ணும் உள்ள கருப்புப் புள்ளியா நிக்கும். காய உள்ளங்கையில முழுசா ஏந்தி, அஞ்சு வெரலும் ஒரே அளவுல பட, லேசா ஒரு பிடி. அசையவே இல்லன்னா திரும்ப உள்ள வைங்க. கழுத்துப் பக்கம், அதாவது காம்புக்குக் கீழ, மெல்ல விட்டுக் குடுத்தா நாளைக்குச் சாப்பிடலாம். மொத்தமா இதமா எளகி நின்னா இன்னைக்கே. கலர நம்பாதீங்க, சூப்பர் மார்க்கெட்டுல விக்கிற ஹாஸ் ரகம் பழுத்தா கருப்பாகும், நம்ம மலைக் காய் நெறைய ரகம் பழுத்தாலும் பச்சையாவே தான் இருக்கும், கருப்பாகட்டும்னு காத்திருந்தீங்கன்னா அழுகிப் போகும். கடைசியா ஒரு உறுதிக்கு காம்புக் குமிழ நகத்தால தட்டிப் பாக்கலாம், சுலபமா கழண்டு கீழ இளம் பச்சையோ மஞ்சளோ தெரிஞ்சா சரியான பதம், காப்பி கலரா இருந்தா தாண்டிருச்சு. சாப்பிடப் போற அன்னைக்கு மட்டும் இத பண்ணுங்க, அதுக்கு முன்னாடி தட்டுனா நான் மேல சொன்ன அதே அழுகல் தான் எறங்கும்.

எல்லாம் ஒரே நாள்ல பழுத்துட்டா திங்க முடியாது. எங்க வீட்டுல கூடையில இருக்குறதுல ரெண்டு ரெண்டா எடுத்து வாழைப்பழத்தோட வைப்போம், மத்தது சும்மா பரப்பி இருக்கும், அது தன் போக்குல மெதுவா வரட்டும். கொடைக்கானலுக்கு வந்துட்டு திரும்புறவங்க பெருமாள்மலை, ஊத்து பக்கம் ரோட்டோரத்துல வாங்குறப்ப, அக்கா ரெண்டு இன்னைக்கு சாப்பிடுறதுக்கு, ரெண்டு நாலு நாள் கழிச்சு சாப்பிடுறதுக்குன்னு தெளிவா சொல்லிக் கேளுங்க, அவங்க கை பட்டாலே பதம் தெரிஞ்சு பொறுக்கிக் குடுத்துருவாங்க.

கட்டிக் காய ஃப்ரிட்ஜுல மட்டும் வைக்காதீங்க. அந்தக் குளிர்ல பழுக்குறது ஏறக்கொறைய நின்னுரும், ரொம்ப நாள் இருந்தா வெளிய எடுத்த பின்னாடியும் ஒழுங்கா வராது, உள்ள சதை சாம்பல் கலர்ல நார் நாரா போயிரும். ஃப்ரிட்ஜ் பழுத்ததுக்கு அப்புறம் தான். பழுத்த பழத்த முழுசா உள்ள வச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும்.

பழுத்துருச்சுன்னு நெனச்சு வெட்டிட்டீங்க, உள்ள கட்டி. இது நடக்கும். வெட்டுன பக்கம் ரெண்டுலயும் எலுமிச்சைச் சாறு தடவி, கொட்டைய எடுக்காம ரெண்டு பாதியையும் பழையபடி சேத்து வச்சு, இறுக்கமா சுத்தி ஃப்ரிட்ஜுல வைங்க. சில நாள்ல ஓரளவுக்கு எளகும், முழு ருசி வராது, ஜூஸுக்கு ஆகும். ரொம்ப கட்டியா இல்லாம அரைப் பதமா இருந்தா மெலிசா சீவி உப்பு, மொளகாத்தூள், எலுமிச்சை போட்டு அப்படியே தின்னுரலாம், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அடுப்புல வச்சு வதக்காதீங்க, கசக்கும்.

கைக்குழந்தைக்கு மசிச்சுக் குடுக்குறவங்களுக்கு ஒண்ணு, ஆறு மாசம் முடிஞ்ச குழந்தைக்கு நல்லா கனிஞ்ச பழம் தான் குடுக்கணும், நார் இல்லாம கரண்டியால மசிச்சா போதும், சக்கரை வேணாம், ஒரு வயசு வரைக்கும் தேன் கண்டிப்பா கூடாது. பெரியவங்களுக்கு நாட்டுச் சக்கரையும் பாலும் ஊத்தி அடிச்சா எங்க ஊர் டீக்கடை ஜூஸ்.

மொத்தமா பழுத்து நெறைய சேந்துருச்சுன்னா தூக்கிப் போடாதீங்க. சதைய வழிச்சு, ஒரு பழத்துக்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு மசிச்சு, ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க, கட்டி ஆனதும் எடுத்து கவர்ல காத்து இல்லாம அமுக்கிக் கட்டி, மேல தேதி எழுதி திரும்ப உள்ள. ரெண்டு மூணு மாசம் வரைக்கும் ஜூஸுக்கு எடுத்துக்கலாம், ஒரு டம்ளருக்கு மூணு கட்டி, பால் ஊத்தி நேரா மிக்ஸியில. வெளிய எடுத்து உருக விட்டு சாப்பிடலாம்னு பாக்காதீங்க, தண்ணி விட்டுரும்.